பழஞ்சேலைப் போர்வை தைக்க எந்த இயந்திரம்: கால்மிதியா, மோட்டார் ஜிக்ஜாக்கா?

ஆறு ஆண்டுகளுக்கு முன், மேசைமேல் வைத்துத் தைக்கும் சிறிய மோட்டார் ஜிக்ஜாக் (நேராக மட்டுமின்றி, ஊசி இடவலமாக நகர்ந்து வளைந்து வளைந்தும் தைக்கும்) இயந்திரம் ஒன்றை வாங்கினேன். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அதிலேயே தைத்த பிறகு, கருப்புத் தலையும் இரும்புக் காலும் கொண்ட பழைய கால்மிதி இயந்திரம் ஒன்றை மதுரையிலேயே விலைக்கு வாங்கினேன். இரண்டும் இன்று வீட்டில் இருக்கின்றன. ஒட்டுத்துணிப் போர்வை, மேசை விரிப்பு, துணிப்பை, நூலால் தைத்த குறிப்பேடு என எதை எடுத்தாலும் இப்போது நான் போய் உட்காருவது கால்மிதியின் முன்னால்தான். ஆகவே இந்த ஒப்பீட்டில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் அறிந்த வேறுபாடுகளை இரண்டு வரியில் முடித்துக்கொள்ளலாம். மோட்டார் இயந்திரம் அலமாரிக்குள் அடங்கும், தூக்கிச் செல்லலாம், பல வகைத் தையல் போடும். ஆனால் மின்சாரம் வேண்டும். கால்மிதி அறையில் ஒரு மூலையை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும், நேர்த்தையல் மட்டுமே போடும். ஆனால் மின்தடை அதைத் தொடாது. பழையதாக வாங்கினால் கால்மிதியின் விலை குறைவு.

என்ன தைக்கப் போகிறோம் என்பது தெரியாமல் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பதால், நான் அடிக்கடி தைக்கும் போர்வையின் கணக்கைச் சொல்கிறேன். அகலம் 60 அங்குலம், நீளம் 90 அங்குலம். 10 அங்குலக் கட்டங்கள் அகலவாக்கில் ஆறு, நீளவாக்கில் ஒன்பது, ஆக 54. கட்டத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கால் அங்குலம் தையலுக்குப் போகும் என்பதால், ஒவ்வொன்றையும் பத்தரை அங்குலச் சதுரமாக வெட்ட வேண்டும். மேற்பக்கத்துக்கு நாலைந்து பழைய சுங்குடி அல்லது கைத்தறிப் பருத்திச் சேலைகளின் கிழியாத பகுதிகள் போதும். நடுவில் இன்னொரு சேலையை மடித்து வைக்கலாம். அடிப்பக்கத்துக்கு ஐந்தரை மீட்டர்ச் சேலை ஒன்றை இரண்டாக வெட்டி, நீளவாக்கில் இணைத்தால் சரியாக வரும். வங்காளத்தின் காந்தாவும் மராட்டியத்தின் கோதடியும் வட கன்னட மாவட்டச் சித்தி மக்களின் கவந்தியும் இதே எண்ணத்தில் பிறந்த போர்வைகள்தாம். அவற்றைக் கையால் தைப்பார்கள். இயந்திரத்தில் தைப்பவருக்கு வேண்டியது கிட்டத்தட்ட முழுவதும் நேர்த்தையலே. முப்பது வகைத் தையல் போடும் இயந்திரத்தை வைத்திருந்த ஆண்டுகளில் போர்வைக்காக நான் பயன்படுத்தியது ஒரே ஒரு வகையைத்தான் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதே எனக்கு உறைத்தது.

போர்வை வளர வளர அதன் பாரம் ஒரு பிரச்சினையாகிறது. மோட்டார் இயந்திரம் மேசையின் மட்டத்திலிருந்து நாலைந்து அங்குலம் உயரத்தில் நிற்பதால், தைத்து முடித்த பகுதி அந்தச் சிறிய மேடையிலிருந்து வழிந்து கீழே தொங்கி, ஊசிக்கு எதிர்த்திசையில் துணியை இழுக்கிறது. அந்த இழுப்பில் தையலின் நீளம் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விரிந்தும் விழும். கால்மிதியிலோ தலை மரப்பலகைக்குள் பதிந்து, பலகையோடு ஒரே மட்டமாக இருப்பதால் போர்வை படுத்துக்கொள்கிறது. இடப்பக்கம் ஒரு முக்காலியையும் சேர்த்துப் போட்டுவிட்டால் தோளில் பாரமே இல்லை. தலையின் கைக்கு அடியில் போர்வையைச் சுருட்டி நுழைக்கும் இடம் என்னுடைய இரண்டு இயந்திரங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆறரை அங்குலத்தை ஒட்டி. அதில் வெற்றி தோல்வி இல்லை. கருப்புத் தலையின் அடித்தட்டு இரும்பு என்பதால், ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து ஒரு சிறு காந்தக் கட்டையை ஒட்டி வைத்து, அதை உரசியபடியே துணியை ஓட்டலாம். 54 கட்டங்களும் ஒரே அளவில் சேருவதற்கு அந்தக் காந்தம் செய்யும் உதவி பெரிது.

இவை எல்லாவற்றையும்விட என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான், ஆகையால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

போர்வையில் நான்கு கட்டங்களின் மூலைகள் சந்திக்கும் இடத்தில், உள்ளே மடிந்த ஓரங்களும் நடுத்துணியும் அடித்துணியும் சேர்ந்து துணி திடீரெனத் தடிக்கும். அப்படி ஒரு மூலையில்தான் என் மோட்டார் இயந்திரத்தின் ஊசி சிக்கி நின்றது. மோட்டாரை ஓட்டும் மிதிகட்டையிலிருந்து நான் காலை எடுப்பதற்குள் ‘டக்’ என்ற ஒரு சிறிய ஓசை. அதன் பிறகு மோட்டார் ஓடியது, ஊசி ஏறி இறங்கியது, ஆனால் அடிநூலைப் பிடிக்கவில்லை. கீழே மேல்நூலை அடிநூலோடு பின்னும் கொக்கியைச் சுழற்றும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்து, ஊசிக்கும் கொக்கிக்கும் இருந்த நேரப்பொருத்தம் தவறிவிட்டது. அந்தப் பல்சக்கரம் வந்து சேர ஏழு வாரம் ஆயிற்று. பழுது பார்த்த இடத்தில் முதலில் இயந்திரத்தையே மாற்றச் சொன்னார்கள். வற்புறுத்திய பிறகே உதிரிப்பாகத்தை வரவழைத்தார்கள். பாதி தைத்த போர்வை அந்த ஏழு வாரமும் மடித்தபடி பெட்டியில் கிடந்தது.

இதே சிக்கல் கால்மிதியிலும் வருகிறது. தடித்த மூலைகள் அதற்கு மட்டும் மெலிந்துவிடுவதில்லை. ஆனால் அங்கே ஊசி நின்றால் தோல் பெல்ட் சக்கரத்தின்மேல் வழுக்கிவிடும். மிஞ்சினால் ஊசி உடையும், அவ்வளவுதான். வீட்டு மின்சாரத்துக்கு ஃபியூஸ் எப்படியோ, அந்த இரும்புத் தலைக்குத் தோல் பெல்ட் அப்படி. சிக்கும்போது மிதிப்பலகை காலுக்கே அதைச் சொல்லிவிடுவதால், நான் அந்த இடத்தில் மிதிப்பதை நிறுத்தி, கைச்சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு குத்தாக மூலையைக் கடக்கிறேன். பெல்ட் நாளாவட்டத்தில் தளரும். தளர்ந்தால் ஒரு விரற்கடை வெட்டி, நுனியில் துளையிட்டு, கம்பிக் கொக்கியை மறுபடி மாட்டினால் போதும். பத்து நிமிட வேலை, குறடு ஒன்று போதும்.

அடுத்து எண்ணெய். கருப்புத் தலையில் எண்ணெய் விடும் துளைகள் கண்ணுக்குத் தெரியும்படி மேலேயே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு, பிறகு தலையைப் பின்னுக்குச் சாய்த்து அடியில் உரசும் இடங்களில் ஒரு சொட்டு, கடைசியாக, அடிநூல் சுற்றிய பாபினைத் தாங்கும் பாபின் கேஸைக் கழற்றி, சேர்ந்திருக்கும் பஞ்சைத் தூரிகையால் தள்ளிவிட்டு, ஷட்டில் (இந்த இயந்திரத்தில் கொக்கியின் வேலையைச் செய்யும் பாகம்) ஓடும் பள்ளத்தில் ஒரு சொட்டு. நாள் முழுதும் தைப்பவர்கள் தினமும் இதைச் செய்வார்கள். வாரத்தில் சில மணி நேரம் தைக்கும் எனக்கு வாரம் ஒருமுறை போதுமானதாக இருக்கிறது. எண்ணெய் விட்ட உடனே நல்ல துணியை வைக்கக் கூடாது; கழிவுத் துணியில் நாலு வரிசை ஓட்டி, கறை வரவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே சேலையை வைக்க வேண்டும். என் மோட்டார் இயந்திரத்திலோ பெரும்பாலான பாகங்கள் உறைக்குள் மூடியிருக்கின்றன. கொக்கிப் பகுதியைத் தவிர வேறெங்கும் எண்ணெய் விட வேண்டாம் என்று அதன் கையேடு சொல்கிறது. வசதிதான், ஆனால் உள்ளே என்ன தேய்கிறது என்பதை நான் பார்க்க வழியில்லை.

எண்ணெய் என்றால் தையல் இயந்திரத்துக்கென்று விற்கும் எண்ணெய் மட்டுமே. நான் வாங்கி வந்த கால்மிதி முதல் வாரம் கல்லை இழுப்பதுபோல் கனமாக ஓடியது. பார்க்க வந்த மெக்கானிக் தலையைச் சாய்த்து, அடியிலிருந்த பழுப்புப் பிசினை ஊசிமுனையால் கிளறி எடுத்துக் காட்டினார்: “அக்கா, இதுக்கு முன்னாடி வச்சிருந்தவங்க தேங்காயெண்ணெய் விட்டுருக்காங்க.” மண்ணெண்ணெயை ஒவ்வொரு துளையிலும் விட்டு, சிறிது நேரம் வெறுமனே ஓட்டி, பிசின் கரைந்து வழிந்ததைத் துடைத்து, சரியான எண்ணெய் விட்டதும், விரலால் தொட்டாலே கைச்சக்கரம் சுழன்றது. ஆண்டுக்கணக்கில் தவறாக நடத்தப்பட்ட ஒரு தலை ஒரு மணி நேரத்தில் மீண்டதை நேரில் பார்த்த நாளில்தான் நான் முழுதாக இதன் பக்கம் சாய்ந்தேன்.

அவரைப் போன்ற மெக்கானிக்குகள் நம் ஊர்களில் இன்னும் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் தூண்களுக்கு நடுவே வரிசையாக அமர்ந்து தைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்க்காத மதுரைக்காரர் இருக்க முடியாது. அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தின் வழியாகவும் தமிழக வீடுகளுக்கு இயந்திரங்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இத்தனை இயந்திரங்கள் புழங்கும் இடத்தில் உதிரிப்பாகக் கடையும் இருக்கத்தான் செய்யும். அதோடு, நம்மிடையே புழங்கும் கருப்புத் தலைகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான சிங்கர் 15ஆம் வகையின் அமைப்பைப் பின்பற்றியவை. அதனால் பாபின், பாபின் கேஸ், ஷட்டில் ஆகியவற்றை நிறுவனத்தின் பெயர் சொல்லாமலே கடையில் கேட்டு வாங்க முடிகிறது. ஊசியும் அப்படியே: ஒருபக்கம் தட்டையான அதே வீட்டு ஊசி என்னுடைய இரண்டு இயந்திரங்களுக்கும் பொருந்துகிறது. பழஞ்சேலைப் போர்வைக்கு நான் போடுவது 14ஆம் எண், அதாவது 0.90 மில்லிமீட்டர்த் தடிமன். ஜீன்ஸ் துணியில் பை தைத்தால் 16.

மோட்டார் ஜிக்ஜாக்கின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பனியன் துணிபோல் இழுபடும் துணிக்கு நேர்த்தையல் போட்டால் இழுக்கும்போது நூல் அறுந்துவிடும். அங்கே ஜிக்ஜாக் வேண்டும். காஜா எடுக்கவும், பிசிறு வரும் ஓரத்தை அடிக்கவும், அப்ளிக் பூவை (துணியில் வெட்டி இன்னொரு துணிமேல் வைக்கும் பூவை) ஓரம் கட்டித் தைக்கவும் அதுவே வசதி. என் மோட்டார் இயந்திரத்தை நான் விற்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான். குழந்தைகளின் உடைகளே அதிகம் தைக்கப் போகிறவர் முதலில் அதை வாங்குவதே சரி. முழங்கால் வலி உள்ளவருக்கும் கால்மிதியைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். புதிதாகப் பழகுபவருக்கு முதல் பத்து நாள் சக்கரம் பின்னோக்கிச் சுழன்று நூல் அறுபடும் என்பதையும் மறைக்கக் கூடாது. கணினி வழி எம்பிராய்டரி செய்யும் பெரிய இயந்திரங்களில் நான் தைத்ததில்லை, ஆகவே என் முடிவை அவற்றுக்கு நீட்ட வேண்டாம். கால்மிதித் தலையிலேயே தனி மோட்டார் பொருத்திக்கொள்வோரும் உண்டு. உறவினர் வீட்டில் அப்படி ஒன்றில் இரண்டு முறைதான் தைத்தேன். நீண்ட நேர்கோடுகளுக்கு விரைவாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் அது எப்படி உழைக்கும் என்று சொல்லும் அளவுக்குப் பழக்கம் இல்லை.

காகித வேலையிலும் எனக்குக் கால்மிதியே கைகொடுக்கிறது. எட்டு ஏ4 தாள்களை இரண்டாக மடித்து, தடித்த அட்டை ஒன்றை மேலே வைத்து, மடிப்புக் கோட்டின் மேலேயே ஒரு வரிசை ஓட்டினால் 32 பக்கக் குறிப்பேடு தயார். இதற்குத் தையல் நீளத்தை 4 மில்லிமீட்டருக்கு வைக்க வேண்டும். குறைத்தால் துளைகள் நெருங்கி, தபால்தலையின் ஓரம்போல் தாள் அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும். தாளைத் தைத்த ஊசி மழுங்கிவிடும் என்பதால் அதற்கென்று ஒரு பழைய ஊசியைத் தனியே வைத்திருக்கிறேன். காகிதத் தூள் ஷட்டிலுக்குள் இறங்கி எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகும். எனவே வேலை முடிந்த கையோடு திறந்து துடைக்க முடிகிற இயந்திரமே இதற்குத் தோது.

பழைய கால்மிதியைப் பார்க்கப் போகிறவர்கள் கையோடு ஒரு துண்டுப் பருத்தித் துணியும் இரண்டு நிற நூலும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். கனமாக இருந்தால் பயமில்லை, பிசினாக இருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் தடுத்து நின்றால் யோசியுங்கள். ஊசி பிடிக்கும் தண்டை விரலால் முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. பலகையின் அடியில் கரையான் தடம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். பிறகு மேலே ஒரு நிறம், பாபினில் இன்னொரு நிறம் கோத்து, துணியை நாலாக மடித்து ஒரு சாண் தையுங்கள். மேல்நூலின் நிறம் அடியில் புள்ளியாகத் தெரிந்தால் நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகைத் திருப்பினால் சரியாகும், ஆனால் தையல் இடையிடையே விட்டுவிட்டு விழுந்தால் ஷட்டிலின் முனை தேய்ந்திருக்கக் கூடும், அந்தச் செலவைக் கழித்துக்கொண்டே விலை பேசுங்கள்.