நம்பர் பேடில் 4 அடித்தால் 'டி' வருகிறதா? புட்டியில் டிக் போடுவதா, விம்மில் மேப் எழுதுவதா

குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடைக்குக் கணினி வேலையெல்லாம் நான்தான் பார்க்கிறேன். கடையில் மூன்று விண்டோஸ் கணினிகள். கணக்குக் கோப்புகள் நாகர்கோவிலில் ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன. புட்டி என்ற இணைப்பு மென்பொருள் வழியாக உள்ளே போய், விம் என்ற எடிட்டரில் எடையை ஏற்றுவார்கள். ஒரு நாள் எடை போடும் தங்கச்சி போனில் கூப்பிட்டாள்: "அண்ணா, நாலுதான் அடிச்சேன். டி வருது, அதுவும் மேல புதுசா ஒரு வரியில."

போய்ப் பார்த்தேன். 47.5 என்று அடித்தால் கீழிருந்து மேலாக டி, டபிள்யூ, என், யூ என்று வரிக்கு ஓர் எழுத்தாக நான்கு வரிகள். காரணம் இதுதான். விம் திறக்கும்போது டெர்மினலை, அதாவது இங்கே புட்டியை, 'அப்ளிகேஷன் கீபேட்' முறைக்கு மாறச் சொல்கிறது. 1978இல் வந்த விடி100 என்ற பழைய டெர்மினல் கருவியின் வழக்கம் இது. அந்த முறையில் 4 என்பது எண்ணாகப் போகாமல் எஸ்கேப், பெரிய ஓ (O), சின்ன டி (t) என்ற மூன்று குறிகளாகப் போகும். விம் அதை ஒரே விசையாக அடையாளம் காணாவிட்டால், எஸ்கேப்பில் இன்சர்ட் என்ற எழுதும் முறை முடிகிறது, ஓ மேலே புது வரி திறக்கிறது, டி அதில் விழுகிறது. 'நம்லாக்' (Num Lock) விசையைத் தட்டியும் பயனில்லை. இந்த முறையில் அந்த விசையே ஒரு குறியீடாகப் போய்விடும். விளக்கு மட்டும் மின்னலாம்.

உங்களுக்கும் இதே நோய்தானா என்று பார்க்க, விம்மின் இன்சர்ட் முறையில் கண்ட்ரோல்-வி அழுத்திவிட்டு நம்பர் பேடில் 5 அடியுங்கள். எஸ்கேப் குறியும் ஓவும் யூவும் வந்தால் இதுதான். அப்படி வராவிட்டால் கோளாறு வேறிடம்.

விம் வழியில், சர்வரில் உள்ள விம்ஆர்சி என்ற விம்மின் அமைப்புக் கோப்பில் பத்து எண்கள், புள்ளி, என்டர் என 12 மேப் வரிகள் (இந்தக் குறிகள் வந்தால் இந்த விசை என்று சொல்பவை) எழுதினால் போதும். கடைக் கணினிகளைத் தொடவே வேண்டாம். முதலில் இதைத்தான் செய்தேன், இரண்டு வாரம் ஓடியது. ஆனால் எஸ்கேப்பில் தொடங்கும் மேப் இருந்தால், எஸ்கேப் அழுத்தும்போதெல்லாம் அடுத்து ஏதாவது வருமா என்று விம் ஒரு நொடி காத்திருக்கும். அந்த நேரத்தைக் குறைக்கலாம். ஆனால் இந்த மருந்து விம்முக்கு மட்டும்தான். கீபேட் முறையை மாற்றும் வேறு நிரல் வந்தால் திரும்பவும் முதலிலிருந்து.

புட்டி வழியில் ஒரே டிக்: டெர்மினல், ஃபீச்சர்ஸ், 'டிஸேபிள் அப்ளிகேஷன் கீபேட் மோட்'. எந்த நிரல் கேட்டாலும் புட்டி முறை மாறாது. 4 அடித்தால் 4 போகும். நான் இந்தப் பக்கம்தான்.

இதில் பராமரிப்புதான் கவனிக்க வேண்டியது. டிஃபால்ட் செட்டிங்ஸில் டிக் போட்டால் ஏற்கெனவே சேமித்த செஷன்களுக்கு (இணைப்பு அமைப்புகளுக்கு) அது போய்ச் சேராது. ஒவ்வொன்றையும் லோட் செய்து, டிக் போட்டு, சேவ் செய்ய வேண்டும். சேவ் செய்ய மறந்தால் அடுத்த நாள் காலையில் பழைய கதைதான்; எனக்கு நடந்தது. அதோடு இந்த அமைப்பு, விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், அந்தந்தப் பயனர் கணக்கின் கீழ் உட்கார்ந்திருக்கும். கணினி மாறினாலும், பயனர் கணக்கு மாறினாலும் காணாமல் போகும். மூன்று கணினிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு செஷன்கள் என்றால் ஆறு முறை.

இதற்கு நான் கண்ட வழி: ஒரு கணினியில் சரியாக அமைத்து, ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், சைமன்டாதம், புட்டி, செஷன்ஸ் வரை போய் எக்ஸ்போர்ட் செய்தேன். அந்தச் சின்னக் கோப்பு பென்டிரைவில் இருக்கிறது. மற்ற கணினிகளில் இரட்டைக் கிளிக், ஒரு 'யெஸ்', அவ்வளவுதான். மழைக்காலத்தில் இடி விழுந்து ஒரு கணினி போனபோது, புதியதில் புட்டி போட்டு ஐந்து நிமிடத்தில் எடை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.

நான் பார்த்தது மூன்று கணினி, ஒரு சர்வர் அளவுக்குத்தான். கடைகள் பல, ஆட்கள் பலர், எல்லாரும் விம் மட்டும் என்றால் சர்வர் பக்கம் ஒரே இடத்தில் எழுதுவது லாபமாக இருக்கலாம். விஎம்எஸ் என்ற பழைய இயங்குதளம் ஓடும் கணினியில் ஈடிடி எடிட்டர் வைத்திருப்பவர்கள் புட்டியில் டிக் போட வேண்டாம். அதன் கட்டளைகளே நம்பர் பேடில்தான் இருக்கின்றன.