அடுத்த அப்டேட்டில் வரும் என்றார்கள். நாலேகால் லட்சம் போனது

மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்கள், முக்கியமாகக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் திருகோணமலைக்கும் இடையில் விருந்தினர்களை ஏற்றி இறக்குகிறவர்கள், காசு கட்டுவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். "இந்த வசதி இப்போது இல்லை, அடுத்த அப்டேட்டில் வரும்" என்று விற்பனையாளர் சொன்னால் அதற்காக ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன்.

திருகோணமலை உப்புவெளியில் சிறிய விடுதி நடத்துகிறேன். 2022 இல் பெட்ரோல் வரிசையில் காருக்குள்ளேயே படுத்து எழும்பியவர்களில் நானும் ஒருவன். அந்தக் கோபத்திலேயே கூரையில் சூரியத் தகடு போட்டேன். மின்சாரக் கார் வாங்குவது என்றும் அன்றே முடிவெடுத்தேன். 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்தார்கள். ஜூன் 12 ஆம் திகதி கொழும்பில் காரை எடுத்தேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. விஷயம் சட்டத்தரணியிடம் இருக்கிறது.

விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு ஏறத்தாழ ஆறு மணித்தியாலம். இரவு விமானத்தில் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு விடியும்வரை ஓட்டுகிறவனுக்கு, முன்னால் போகும் வாகனத்துக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் குரூஸ் கொன்ட்ரோல் ஆடம்பரம் அல்ல. அதைத்தான் கேட்டேன். "அண்ணா, உங்கள் வாகனத்தில் கமரா எல்லாம் இருக்கிறது. மென்பொருளைத் திறந்துவிட வேண்டியதுதான். மூன்று மாதத்துக்குள் அப்டேட் வரும், இப்போதே கட்டினால் 4,25,000 ரூபா, பிறகு கூடும்" என்றார் அங்கிருந்த தம்பி. நல்ல பணிவான பிள்ளை. தேநீர் தந்தார். கட்டினேன். பற்றுச்சீட்டில் 'மேலதிக உதிரிப்பாகங்கள்' என்று எழுதியிருந்ததை வீட்டுக்கு வந்து மனைவி வாசித்துக் காட்டிய பிறகுதான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 27 ஆம் திகதி இரவு திரையில் அப்டேட் அறிவித்தல் வந்தது. வீட்டு வைஃபையில் இணைத்து, சம்மதம் என்று அழுத்தி, நாற்பது நிமிடம் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில்கூட அவ்வளவு ஆவலாக இருந்ததில்லை. வண்டி மறுபடி விழித்துக்கொண்டது. குரூஸ் கொன்ட்ரோல் பழையதுதான். பிடித்த வேகத்தில் போகும், முன்னால் லொறி நின்றாலும் போகும். ஆனால் இரண்டு விஷயங்கள் மாறியிருந்தன. அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் வண்டியை இழுத்துப் பிடிக்கும் மீளாக்க பிரேக்கின் அளவு, நான் வைத்திருந்த 'கூட' என்பதிலிருந்து 'குறைய' என்பதற்குப் போயிருந்தது. பாதைக் கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கைத் திருப்பும் உதவியை நான் முதல் வாரத்திலேயே அணைத்து வைத்திருந்தேன். அது இப்போது ஒவ்வொரு முறை வண்டியை இயக்கும்போதும் தானாகவே விழித்துக்கொள்கிறது.

முதலாவது மாற்றத்தை மறுநாள் காலை உவர்மலை இறக்கத்தில் கண்டுபிடித்தேன். காலை எடுத்தேன், வண்டி நிற்கவில்லை. கீழே வீதியின் குறுக்கே இரண்டு புள்ளிமான்கள், ரவுனில் அவை நடப்பது புதிதல்ல. பிரேக்கை மிதித்து நின்றேன். பழகிய கால் எவ்வளவு ஆபத்தானது என்று அன்றுதான் தெரிந்தது.

இரண்டாவது மாற்றத்தைச் சொல்லும்போது இன்னும் கை நடுங்குகிறது. அந்தச் சனிக்கிழமை அதிகாலை, கல்ஓயா சந்தி கடந்து கந்தளாய்ப் பக்கம் வந்துகொண்டிருக்கிறேன். பின்னால் வெளிநாட்டுத் தம்பதி தூக்கத்தில். எதிரே ஒரு லொறி, அதை முந்திக்கொண்டு என் பக்கத்தில் ஒரு தனியார் பஸ். இந்த வீதியில் ஓடுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஓரத்து மண்ணில் இறங்கிவிட வேண்டும். சிக்னல் போட்டுக்கொண்டு யார் இறங்குவார்கள்? இடது பக்கம் திருப்பினேன். ஸ்டியரிங் வலது பக்கம் இழுத்தது. பஸ்ஸை நோக்கி. சிக்னல் போடாமல் கோட்டைத் தாண்டுவதால் எனக்கு நித்திரை என்று வண்டி முடிவுகட்டிவிட்டது. முழு பலத்தையும் போட்டுத் திருப்பினேன். இழுவை பெரிய பலமில்லை, மனிதக் கை வெல்லும். ஆனால் அந்த அரைக் கணம் யாருடையது என்பதுதான் கேள்வி. வலது கண்ணாடி மடிந்துபோனது. வேறு சேதம் இல்லை. வெளிநாட்டவர் எழும்பி "யானையா?" என்று கேட்டார்கள். அந்த வீதியில் அதுவும் நியாயமான கேள்விதான்.

ஊரில் மின்சார வாகனம் தெரிந்த கராஜ்காரர் ஒருவர் கணினியைப் பொருத்திப் பார்த்தார். உள்ளே இறங்கியிருப்பது ஐரோப்பியச் சந்தைக்கான மென்பொருள் தொகுப்பு என்றார். அங்கே 2024 ஜூலையிலிருந்து விற்கும் புதிய கார்களில் இப்படியான உதவிகள் கட்டாயம். சாரதி அணைத்தாலும் அடுத்த முறை இயக்கும்போது தானே வந்துவிட வேண்டும் என்பது சட்டம். கோடு ஒழுங்காகப் போட்ட வீதிக்கு அது நல்ல சட்டமாக இருக்கலாம். தம்பலகாமத்தில் பாதி வீதியை மறித்து நெல் காயப் போட்டிருக்கும் காலத்தில் கோடு எங்கே இருக்கும் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்காது.

பிறகு அவர் முன் பம்பரின் கீழ்ச் சல்லடையைக் கழற்றினார். என் வாகனத்தின் உயர்ந்த வகையில் அந்த இடத்தில் ரேடார் இருக்கும். அதை வைத்துத்தான் முன்னால் போகும் வாகனத்தின் தூரத்தை அளக்கிறது. என்னுடையதில் வெறும் தாங்கி. அதன் மேல், விரல் நீளத்தில், குளவி கட்டிய மண்கூடு. எந்த அப்டேட்டும் அந்தக் கூட்டை ரேடாராக மாற்றாது. கமராவை மட்டும் வைத்தே இதைச் செய்யும் கம்பனிகளும் இருக்கின்றன; அது அந்தக் கார்களின் விஷயம், என் காரின் கம்பனி அப்படிச் செய்யவில்லை.

அப்டேட்டே கெட்டது என்று சொல்ல வரவில்லை. டெஸ்லா 2022 இல் ஒலியலை உணரிகளை எடுத்துவிட்டு விற்ற கார்களில் தரிப்பிட உதவி சில காலம் இல்லாமல் இருந்து பின்னர் அப்டேட்டில் வந்தது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அதே கம்பனியின் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு, சாரதியின் கவனத்தைக் கண்காணிக்கும் முறையைத் திருத்த மென்பொருள் வழியாகவே மீளழைப்புச் செய்தார்கள். சீன அரசு 2025 ஏப்ரலில் விளம்பரங்களில் 'தானாக ஓடும்' என்ற வகைச் சொற்களை அடக்கி, பரீட்சார்த்த மென்பொருளை வாடிக்கையாளர் தலையில் கட்டுவதையும் கட்டுப்படுத்தியது. அங்கெல்லாம் தட்டிக் கேட்க ஓர் அதிகாரி இருக்கிறார். எனக்குத் தேநீர் தந்த தம்பி மட்டும்தான் இருந்தார்.

தொலைபேசியில் அவர் சொன்னது: "அண்ணா, அது கம்பனி அனுப்பியது, எங்கள் கையில் இல்லை." பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாதாம். கம்பனிக்கு மின்னஞ்சல் போட்டேன். இலங்கைக்கு அவர்கள் அனுப்பிய வாகனப் பட்டியலில் என் காரின் அடிச்சட்ட (செசி) இலக்கம் இல்லை என்று பதில் வந்தது. வேறு நாட்டுக்குப் போன வாகனம் சுற்றி வந்திருக்கிறது. காசைக் கேட்டேன். "செப்டெம்பர் 16 ஆம் திகதி வாருங்கள், எங்கள் ஆள் பார்ப்பார்" என்றார்கள். போனேன். ஒரு நாள், போகவர ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல். அந்த ஆள் வரவில்லை. உதிரிப்பாகம் விற்றதற்குத்தான் பற்றுச்சீட்டு இருக்கிறதே என்று முகாமையாளர் அதையே எனக்குத் திருப்பிக் காட்டினார்.

வாங்குகிறவர்கள் அடிச்சட்ட இலக்கத்தைக் கம்பனிக்கு அனுப்பி எந்த நாட்டுக்கான வாகனம் என்று முதலில் கேளுங்கள். வசதி ஒவ்வொன்றையும் வீதியில் ஓட்டிப் பார்த்து, அதன் பெயரைப் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்டேட் அறிவித்தல் வந்தால் சம்மதம் கொடுக்க முன் பழைய பதிப்பு இலக்கத்தையும் அமைப்புகளையும் படம் எடுத்து வையுங்கள். முடிந்த பிறகு ஆளில்லாத வீதியில், காலை பிரேக்கின் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பற்றுச்சீட்டின் திகதியைப் பாருங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் விவகார அதிகார சபைக்கான முறைப்பாட்டை, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். கடையில் எனக்குச் சொன்ன தவணையும் அதே மூன்று மாதம்தான். நான் முறைப்பாட்டோடு கச்சேரி (மாவட்டச் செயலகம்) படியேறியது செப்டெம்பர் 29 ஆம் திகதி. பதினேழு நாள் பிந்திவிட்டது.