பிரேக்கரா, ஜா கட்டரா: இருபது டன் வண்டியில் இரண்டையும் பூட்டிப் பார்த்தபின்

நம் ஊரில் செயின் வண்டி, அதாவது சங்கிலிப் பட்டையில் ஓடும் எக்ஸ்கவேட்டர், எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் ஹிட்டாச்சி என்றோ பொக்லைன் என்றோதான் அழைக்கப்படுகிறது. அதேபோல, இடிப்பு வேலைக்கு வண்டி வேண்டும் என்று வாடகைக்காரரிடம் சொன்னால், மறுகேள்வி இல்லாமல், உளியால் அடித்து உடைக்கும் பிரேக்கர் பூட்டிய வண்டியே வந்து நிற்கும். திருச்சி தில்லைநகரின் குறுக்குத் தெரு ஒன்றில், தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தளங்கள் கொண்ட பழைய கான்கிரீட் கட்டடத்தை இடிக்க நான் பொறுப்பேற்றபோதும் அப்படித்தான் நடந்தது. முதல் சில நாள் பிரேக்கரிலும் அதன்பின் தாடையால் கடித்து நசுக்கும் ஜா கட்டரிலும் ஒரே வண்டியை ஓட்டிப் பார்த்ததால், இரண்டையும் பற்றி அனுபவத்தோடு எழுத முடிகிறது.

பிரேக்கர் எளிய கருவி. எண்ணெய் அழுத்தம் ஒரு பிஸ்டனை மேலே தூக்க, தலைப்பகுதியில் அடைத்திருக்கும் நைட்ரஜன் வாயு அழுந்தி, அது விரியும் வேகமும் சேர்ந்து பிஸ்டனைக் கீழே தள்ளி உளியின் தலையில் அடிக்கிறது. எங்களுக்கு வந்த சூசான் எஸ்பி 81, இருபது டன் வண்டிகளில் பரவலாகக் காணப்படும் அளவுதான்; உளியின் விட்டம் 140 மி.மீ. தரையில் ஊன்றி நிற்கும் கனமான கான்கிரீட்டுக்கு, அதாவது புட்டிங் (தூணின் அடித்தளம்), பைல் கேப் (பைல்களின் தலையை இணைக்கும் கட்டி), தடித்த தளம் போன்றவற்றுக்கு, இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியாது. ஆனால் ஐந்து அங்குல ஸ்லாப் அந்தரத்தில் இரு பீம்களுக்கிடையே கிடக்கும்போது, உளி அதை உடைப்பதில்லை, துளைக்கிறது. அடியின் விசையில் ஒரு பகுதி ஸ்லாப் துள்ளுவதிலேயே வீணாகிறது, கம்பிகளோ அறுபடாமல் உடைந்த கட்டிகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கின்றன. உளி துளைத்து உள்ளே போனதும் எதிரே தாங்கும் பொருள் இல்லாமல் பிஸ்டன் வெறுமனே அடிக்கத் தொடங்கும். இந்த வெற்றடிதான் பிரேக்கரின் போல்ட்டுகளையும் உளியைப் பிடித்திருக்கும் பின்களையும் தின்றுவிடுகிறது.

அதைவிட முக்கியமானது அதிர்வு. பக்கத்து வீட்டுச் சுவரில் முன்பே இருந்த ஒரு விரிசலின் குறுக்கே, விரிசல் அசைந்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்று, வேலை தொடங்கும் முன் மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டி வைத்திருந்தோம். இரண்டாம் நாள் பிற்பகல் நாங்கள் தூணை அடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கண்ணாடி பிளந்தது. விரிசல் பெரிதாக விரியவில்லை என்றாலும், அந்த வீட்டுப் பெரியவரின் முகத்தைப் பார்த்தபின் மேற்கொண்டு பிரேக்கரை ஓட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்காகப் பிரேக்கரைக் குறை சொல்வது நியாயமாகாது. அதை ஓட்டும் விதத்தில்தான் பாதிக் குற்றம் இருக்கிறது. ஒரே இடத்தில் அரை நிமிடத்துக்கு மேல் அடித்தும் உடையவில்லை என்றால் இடத்தை மாற்ற வேண்டும். பிடிவாதமாக அடித்தால் உளி சூடேறி முனை மழுங்கும். சூடான உளியைத் தண்ணீரில் முக்கக் கூடாது, உளியைக் கடப்பாரையாக்கி நெம்பவும் கூடாது. கிரீஸ் அடிக்கும்போது உளியைத் தரையில் ஊன்றி, மேலே முழுவதும் அழுத்தி வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கிரீஸ் உளியைச் சுற்றியுள்ள புஷ்ஷுக்குப் போகாமல் பிஸ்டனுக்கும் உளிக்கும் இடையே தேங்கி, முதல் அடியிலேயே கசிவைத் தடுக்கும் ரப்பர் சீலைப் பதம் பார்த்துவிடும். நான் பார்த்த ஆபரேட்டர்களில் பலர் இதைச் சரியாகச் செய்வதில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

ஜா கட்டர் என்ற பெயர் தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் புதிதல்ல. 2017-இல் தீ விபத்துக்குள்ளான தியாகராய நகர் சென்னை சில்க்ஸ் கட்டடத்தை நீண்ட கை கொண்ட இயந்திரத்தால் இடித்தபோது செய்திகளில் நாள்தோறும் அடிபட்ட பெயர் அது. நண்டின் கொடுக்கைப் போன்ற இரண்டு தாடைகள் பீமைக் கவ்வி நசுக்குகின்றன. தாடையின் உட்கோடியில் உள்ள கத்திகள் கம்பியை அறுக்கின்றன. கடியின் விசை நுனியில் குறைவு, உள்ளே போகப் போக அதிகம். எனவே தாடை எவ்வளவு திறக்கிறது என்பதை இடிக்க வேண்டிய பீமின் உயரத்தோடு ஒப்பிட்டே வாங்க வேண்டும். பதினெட்டு அங்குலப் பீமைத் தொண்டை வரை விழுங்க முடியாத தாடை, அதன் ஓரத்தைக் கொறித்துக்கொண்டிருக்கும்.

எங்களுக்கு வந்த ஜா முதல் நாள் கொறிக்கக்கூட இல்லை. தாடை மூடியது, ஆனால் கடிக்கவில்லை. காரணம் கருவியில் இல்லை, வண்டியின் பைப்லைனில் இருந்தது. பிரேக்கருக்கு எண்ணெய் ஒரு திசையில் போய் டேங்குக்குத் திரும்பினால் போதும். ஜாவுக்குத் திறக்கவும் மூடவும் இரு திசையிலும் அழுத்தம் வேண்டும். தலை சுழலும் வகையாக இருந்தால் சுழற்சிக்குத் தனியாக இன்னொரு ஜோடி ஹோஸும் வேண்டும். வாடகைக்குக் கொடுத்தவர் இரு திசை ஓட்டத்துக்கு வால்வை மாற்றியிருந்தார், ஆனால் ரிலீஃப் அழுத்தத்தை, அதாவது எண்ணெய் அழுத்தத்தின் உச்ச வரம்பை, பிரேக்கருக்கு வைத்திருந்த அளவிலேயே விட்டுவிட்டார். எஸ்பி 81-க்கு 160 முதல் 180 பார் (அழுத்தத்தின் அலகு) போதும். ஜாவோ 300 பாருக்கும் மேலே எதிர்பார்க்கிறது. மெக்கானிக் வந்து சரிசெய்ய ஒரு நாள் போயிற்று, அந்த நாளுக்கும் வாடகை கேட்டார்கள் என்பது தனிக்கதை.

அழுத்தம் சரியானபின் வேலை நடந்த விதமே வேறு. இடிபாட்டு மேட்டின்மீது வண்டியை ஏற்றி, மேல் ஸ்லாபை ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டே வந்தோம். சத்தம் வெகுவாகக் குறைந்தது, புதிதாக ஒட்டிய கண்ணாடி கடைசி வரை பிளக்கவில்லை. தூசி மட்டும் குறையவில்லை. தாடைக்கு நேராகத் தண்ணீர் பீய்ச்ச ஓர் ஆளை நிறுத்த வேண்டியிருந்தது. சுழலும் தலைக்கு வாடகை அதிகம் என்றாலும், தூண், பீம், ஸ்லாப் ஒவ்வொன்றும் வெவ்வேறு கோணத்தில் நிற்கும் கட்டடத்தில் அதைத் தவிர்த்துவிட்டு நிலைத்த தலையை எடுப்பது வீண் சிக்கனம். நிலைத்த தலை, கீழே விழுந்து கிடக்கும் கட்டிகளை நசுக்கிக் கம்பியைப் பிரிக்கப் போதுமானது. இரும்புக் கூரைக் கொட்டகைகளுக்கு, இரும்பைக் கத்தரிக்கும் ஷியர் என்ற கருவி தனியாக உண்டு. எங்கள் வேலையில் அதற்கு இடமில்லை.

மணிக்கணக்கு வாடகையில் பிரேக்கர்தான் மலிவு. ஆனால் பிரேக்கர் உடைத்த குவியலில், கம்பி அறுக்க கேஸ் கட்டரோடு இரண்டு பேர் நாள் முழுவதும் நின்றார்கள். ஜா வந்தபின் அவர்களுக்கு வேலை பெரிதும் குறைந்துவிட்டது. நசுக்கிப் பிரித்த கம்பி அப்படியே பழைய இரும்புக் கடைக்குப் போனது. கான்கிரீட்டையும் இரும்பையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்று 2016-இன் இடிப்புக் கழிவு விதிகளே சொல்லியிருந்தன என்பதால், இது கூடுதல் வேலையும் அல்ல.

புட்டிங்குகளுக்கு வந்ததும் ஜா கையை விரித்துவிட்டது. மண்ணுக்குள் கிடக்கும் கனமான கட்டியைக் கவ்வ அதற்கு விளிம்பு கிடைக்கவில்லை. மீண்டும் பிரேக்கரையே பூட்டினோம். ஆனால் இம்முறை, பக்கத்து வீட்டுக்கும் எங்கள் அடித்தளத்துக்கும் நடுவே முதலில் பக்கெட்டால் ஒரு பள்ளம் தோண்டி நிலத்தைத் துண்டித்துவிட்டு, தொலைவில் இருந்த புட்டிங்கிலிருந்து தொடங்கினோம். சுவரை ஒட்டியிருந்த கடைசி ஒன்றை மட்டும் வண்டியால் தொடாமல், கை டிரில் வைத்து ஆட்களே மூன்று நாளில் உடைத்து எடுத்தார்கள்.