பிரிண்ட் எடுத்தாலும் படிக்க முடிய வேண்டும்: ஆறு வருட அனுபவம்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக வினா விடைத் தொகுப்புகளை ஓர் இணையதளத்தில் போட்டு வருகிறேன். 2019-இல் ஒரு மாணவி, ஜெராக்ஸ் கடையில் எடுத்த பிரிண்டைக் கொண்டுவந்து காட்டினார். மொத்தம் 22 தாள். திரையில் மேலேயே ஒட்டி நிற்கும் என் மெனு, ஒவ்வொரு தாளிலும் முதல் இரண்டு வரிகளை மறைத்துக்கொண்டு அச்சாகியிருந்தது. கேள்வி ஒரு தாளில், விடைகள் அடுத்த தாளில். சரியான விடைக்குப் பச்சைப் பின்னணி கொடுத்திருந்தேன். தாளில் அந்தப் பச்சையே இல்லை. காசு கொடுத்து எடுத்தவருக்கு எது விடை என்றே தெரியவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

அச்சுக்கென்று தனி விதிகள் எழுதும் வசதி, இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ்-இல் 1998-லேயே, அதன் இரண்டாம் பதிப்பிலேயே வந்துவிட்டது. ‘மீடியா பிரிண்ட்’ தொகுதிக்குள் எழுதுவது அச்சிடும்போது மட்டும் வேலை செய்யும். மெனு, பக்கப்பட்டை, பகிர்வு பொத்தான்கள் எல்லாவற்றையும் அங்கே ‘டிஸ்ப்ளே நன்’ போட்டு மறைத்தேன். அது பத்து நிமிட வேலை.

பச்சைக்குத்தான் கொஞ்சம் யோசித்தேன். மை மிச்சம் பிடிக்க, பிரவுசர்கள் வழக்கமாகப் பின்னணி நிறத்தை அச்சிடுவதில்லை. ‘பிரிண்ட் கலர் அட்ஜஸ்ட்: எக்ஸாக்ட்’ எழுதினால் வரும். ஆனால் கறுப்பு வெள்ளை பிரிண்டில் பச்சை வெறும் சாம்பல்தானே? அதனால் விடையைத் தடித்த எழுத்தாக்கி, முன்னால் ஒரு டிக் குறி வைத்தேன். இன்றுவரை அதுதான்.

அதிகம் பாடுபடுத்தியது பக்கம் உடையும் இடம். ‘பிரேக் இன்சைடு: அவாய்டு’, அதாவது நடுவில் பக்கம் உடையக் கூடாது என்று முழு அட்டவணைக்கும் கொடுத்துவிட்டேன். அட்டவணை மிச்ச இடத்தில் அடங்காததால் அடுத்த தாளுக்குத் தாவி, முக்கால் தாள் வெறுமையாக நின்றது. ஒரு கேள்வியும் அதன் விடைகளும் சேர்ந்த சின்னப் பெட்டிக்கும், அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்கும் மட்டும் கொடுத்த பிறகுதான் சரியானது. அட்டவணைத் தலைப்பு வரிசையை ‘டிஹெட்’ என்ற ஹெச்டிஎம்எல் குறிச்சொல்லுக்குள் வைத்தால், அட்டவணை நீளும் தாள்களில் எல்லாம் தலைப்பு தானாகவே வரும். ஆண்டு, சட்டம், திருத்தம் என்று நான்கைந்து பத்தி ஓடும் அட்டவணைக்கு இது பெரிய உதவி.

இணைப்புகளில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தாளில் ‘இங்கே பார்க்க’ என்பதைத் தொட முடியாது. அதனால் இணைப்புக்குப் பின்னால் முகவரியும் அச்சாகும்படி செய்தேன். என் பக்க முகவரிகளோ தமிழில் இருந்தன. சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமாக மாறும்போது ‘க’ ஒன்றே ஒன்பது குறிகளாகிவிடும். ஒரு முகவரி நான்கு வரி பிடித்தது! அதை யார் பார்த்துத் தட்டச்சு செய்வார்கள்? முகவரிகளைச் சுருக்கமான ஆங்கில எழுத்துக்கு மாற்றினேன். பழைய முகவரிகளிலிருந்து திருப்பிவிட ஒரு வாரம் ஆனது.

எழுத்தளவு 9 புள்ளியில் தொடங்கினேன், தாள் குறையட்டும் என்று. டோனர் மங்கிய மெஷினில் ‘ணு’வும் ‘னு’வும் ஒன்றாகத் தெரிந்தன. இப்போது 11 புள்ளி, வரி இடைவெளி ஒன்றரை. ஏ4 தாளில் இடது ஓரம் 25 மில்லிமீட்டர், ஸ்பைரல் பைண்டிங்குக்காக. பக்க எண்ணை நாமே ஓரத்தில் போடும் வசதி 2024-இல் குரோம் 131-இல் வந்தது. வந்த வாரமே சேர்த்துவிட்டேன். அதுவரை தாள் கலைந்தால் அடுக்குவது பெரும்பாடு.

புதுப் பக்கம் ஏற்றும் முன்பு பிரிண்ட் முன்னோட்டத்தை குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் பார்க்கிறேன். மாதம் ஒரு முறை அதே மாதிரி கடையில் நிஜமாகவே ஒரு பிரதி எடுக்கிறேன். அந்த 22 தாள் தொகுப்பு இப்போது 13 தாளில் அடங்குகிறது.