அக்னி நட்சத்திரத்தில் அழிந்துபோன கோடு

சித்திக்கு இடது மார்பில் புற்றுநோய்க் கட்டியை மட்டும் எடுத்தபின் பதினைந்து நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, எழுதியிருந்தார்கள். 40 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு), 15 தவணை, மூன்று வாரம். லண்டனிலும் பல வருஷம் இதைத்தான் எழுதினார்கள். ஊரில் இன்னும் 50 கிரேயை 25 நாளுக்கு இழுப்பார்களோ என்று பயந்து வருகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. பிரிட்டனின் ஸ்டார்ட்-பி ஆய்வில், பத்தாண்டுக்குள் அந்த மார்பிலோ அக்குள் பக்கமோ நோய் திரும்பியது 50 கிரே வாங்கியவர்களில் 5.5 சதவீதம் பேருக்கு, 40 கிரே வாங்கியவர்களில் 4.3 சதவீதம் பேருக்கு. மார்பு சுருங்குவதும் வீங்குவதும்கூடக் குறுகிய முறையில் குறைவுதான். காப்பீட்டு அட்டையும் மறுபேச்சில்லாமல் செல்லுபடியானது.

சிக்கல் வந்தது தோலில் போட்ட கோட்டில்.

கரண்ட் எங்கே பாய வேண்டும் என்று திட்டமிட எடுக்கும் ஸ்கேன் அன்று நெஞ்சு நடுவிலும் இரண்டு விலாவிலும் மார்க்கர் பேனாவால் கூட்டல் குறி போட்டு, மேலே டேப் ஒட்டி, "தண்ணி படாமப் பாத்துக்கங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். வெள்ளி வரை ஒழுங்காகப் போனது. மங்கிய இடத்தில் தினமும் டெக்னீசியன் மேலே வரைந்துவிடுவார். சனி, ஞாயிறு வரைய ஆளில்லை. அக்னி நட்சத்திர வெயில், பஸ் பயணம், மின்சாரம் போன இரவு. திங்கள் காலை டேப் வியர்வையில் சுருண்டு கிடந்தது, அடியில் மை இல்லை. "கோடு போயிருச்சும்மா, டாக்டரப் பாத்துட்டு வாங்க." மறுபடி ஸ்கேன், மறுபடி பிளான், வியாழக்கிழமைதான் ஆறாவது தவணை.

அந்த டெக்னீசியன் தம்பி நிறுத்தியது முழுக்கச் சரி. சுவரிலும் கூரையிலும் இருந்து வரும் லேசர் கோடுகள் தோலில் உள்ள குறிகளோடு பொருந்தினால்தான் உடம்பு ஸ்கேன் அன்று கிடந்தபடி கிடக்கிறது என்று அர்த்தம். கதிர் மார்பின் இரு பக்கமிருந்தும் விலா எலும்பை ஒட்டிச் சாய்வாகப் போகிறது. நுரையீரலின் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் அளவு எப்படியும் அதில் மாட்டும். இடது பக்கமென்றால் பின்னாலேயே இதயம். ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் இதயத்துக்குக் கூடும், இல்லையென்றால் கட்டி எடுத்த இடத்தின் ஓரத்துக்குக் குறையும். இதயத்துக்குச் சராசரியாக ஒரு கிரே கூடினால் மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்பின் அபாயம் 7.4 சதவீதம் ஏறும் என்று 2013இல் வந்த ஆய்வு சொல்கிறது. குத்துமதிப்பாகப் படுக்கவைத்து மெஷினை ஓட்டக் கூடாது.

ஆத்திரமெல்லாம் அந்த மார்க்கர் பேனா மேல்தான். லண்டனில் ஸ்கேன் அன்றே ஊசி முனையால் மூன்று புள்ளி பச்சை குத்திவிடுவார்கள், குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். புள்ளியும் இல்லாமல் கேமரா வைத்து உடம்பின் மேற்பரப்பைப் பார்த்துப் படுக்கவைக்கும் இடங்களும் உண்டு, அதற்குச் செலவு அதிகம். பச்சைக்கு வேண்டியது சுத்தமான ஊசியும் ஒரு சொட்டு மையும். நம் பாட்டிமார் முன்கை முழுக்கக் கோலமும் தேளுமாகக் குத்திக்கொண்டவர்கள். திண்ணையில் உட்கார்ந்து குறத்தி குத்திய பச்சை எண்பது வயதிலும் அழியாமல் இருந்த ஊரில், கரண்ட் அறைக்குள் மட்டும் ஏன் மார்க்கர்?

கோட்டைக் காப்பாற்றத்தான் மூன்று வாரம் குளிக்காதே என்கிறார்கள். சித்திரை வெயிலில் இது கொடுமை. மிதமான சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், தேய்க்காமல் ஒற்றித் துடைப்பது: இதனால் தோல் புண் கூடுவதில்லை. மார்புக்கு அடி மடிப்பில் வியர்வை தேங்கினால் தோல் உரிந்து நீர்ப்பது கூடும். அது உச்சத்துக்கு வருவதும் கரண்ட் முடிந்து ஒரு வாரம் பத்து நாளில்தான், எல்லாம் முடிந்தது என்று கவனிப்பை விட்டுவிடாதீர்கள்.

இனி இங்கும் வருவது ஐந்து நாள் முறை. பிரிட்டனின் ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வில் 26 கிரேயை ஐந்தே தவணையில் கொடுத்தார்கள். ஐந்தாண்டில் அதே மார்பில் நோய் திரும்பியது 1.4 சதவீதம், 15 தவணைக்காரர்களில் 2.1. கொல்கத்தாவின் டாடா மெடிக்கல் சென்டரும் இதே இரண்டையும் ஒப்பிட்டு ஹைப்போர்ட் ஆய்வை நடத்துகிறது. ஐந்து நாள் முறையில் ஒரு தவணை 5.2 கிரே, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு நாள் தப்பாகப் படுத்தால் ஈடுகட்ட மிச்ச நாள் கிடையாது.

ஸ்கேனுக்குப் படுக்குமுன்பே பச்சை குத்துவீர்களா என்று கேளுங்கள். மாட்டோம் என்றால், சனிக்கிழமை கோடு மங்கினால் யாரிடம் வருவது என்று கேட்டு வையுங்கள். மங்குகிறது என்று தெரிந்த அன்றே போக வேண்டும், முழுக்க அழியும்வரை காத்திருக்கக் கூடாது. வீட்டில் பேனா எடுத்து மேலே வரைய மட்டும் வேண்டாம், அரை சென்டிமீட்டர் தள்ளி வரைந்தால் அழிந்ததைவிட அதுதான் ஆபத்து.