குளிர்பான வரியா, குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரா?

355 மில்லி கோலா டின் ஒன்றில் 39 கிராம் சர்க்கரை, அதாவது ஒன்பது டீஸ்பூனுக்கு மேல். இரண்டு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு, தனியாகச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாள் முழுக்கவே 25 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது அமெரிக்க இதய சங்கம். ஒரே டின்னில் கணக்குத் தாண்டிவிடுகிறது. அமெரிக்காவின் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி, பலர் ஸ்பானிஷ் பேசுவோர்) பிள்ளைகளிடம் உடல் பருமனும் சொத்தைப் பல்லும் வெள்ளையினப் பிள்ளைகளைவிட அதிகம். பிள்ளைகளின் இனிப்புப் பானப் பழக்கத்தைக் குறைக்க இருக்கிற வழிகளை, கலிபோர்னியா மாநிலத்தை வைத்துப் பார்ப்போம்.

முதலில் வரி. மெக்சிகோ 2014-ல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி போட்டது. முதல் ஆண்டில் 5.5 சதவீதமும் அடுத்த ஆண்டில் 9.7 சதவீதமும் விற்பனை குறைந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் 2015-ல் அவுன்சுக்கு (சுமார் 30 மில்லி) 1 சென்ட் வசூலிக்கத் தொடங்கியது. சில மாதம் கழித்து ஏழைகள் வாழும் பகுதிகளில் விசாரித்தபோது, இனிப்புப் பானம் குடிப்பது 21 சதவீதம் குறைந்திருந்தது. தண்ணீர் குடிப்பது 63 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் 2018-ல் குளிர்பானத் தொழிலின் நெருக்கடிக்குப் பணிந்து, உள்ளூர் நிர்வாகங்கள் 2030 முடியும்வரை இப்படிப் புது வரி போடக்கூடாது என்று மாநிலமே சட்டம் போட்டுவிட்டது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது.

இரண்டாவது, 2019-ல் நடைமுறைக்கு வந்த உணவகச் சட்டம். சிறுவர் சாப்பாட்டோடு தண்ணீரோ பாலோதான் தானாக வரும். கேட்டால் கோலாவும் கிடைக்கும். நல்லதுதான், ஆனால் வீட்டு ஃப்ரிட்ஜ் வரை அது எட்டாது.

மூன்றாவது தண்ணீர். என் மனம் நிற்பது இங்கேதான். பெர்க்லி குழாயில் வருவது சியரா நெவாடா மலையிலிருந்து இறங்கும் ஆற்று நீர். கோலாவை விட்டவர்கள் குழாயைத் திறந்தால் போதும். ஆனால் அதே மாநிலத்தில், கெர்ன் மாவட்டத்தின் ஆர்வின் ஊரில், பெரும்பாலும் லத்தீனோ விவசாயத் தொழிலாளர்கள். அங்கே நிலத்தடி நீரில் ஆர்செனிக் என்ற நச்சு பல ஆண்டுகளாக அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. அதே மாநிலத்தின் இன்னொரு ஊரான கிழக்கு ஒரோசியில் நைட்ரேட் என்ற உப்பு. இரண்டுமே கொதிக்கவைத்தால் போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். அப்படிப்பட்ட குழாய் உள்ள வீட்டுத் தாயிடம் "பிள்ளைக்குக் கோலா கொடுக்காதே" என்று எந்த முகத்தோடு சொல்வது?

இடையில் ஒன்று. லத்தீனோ கடைகளில் அகலமான கண்ணாடி ஜாடிகளில் அகுவா ஃப்ரெஸ்கா என்ற இனிப்புப் பானம் இருக்கும். அதில் ஒன்று புளியைக் கரைத்து வடிகட்டிச் சர்க்கரை சேர்த்தது, கிட்டத்தட்ட நம் பானகம். வீட்டிலும் இதைச் செய்து, நாமே செய்வதுதானே என்று பிள்ளைகளுக்குத் தாராளமாக ஊற்றிக்கொடுப்பார்கள். வீட்டில் சேர்க்கும் இந்தச் சர்க்கரையைக் குளிர்பான வரி தொடாது. பக்கத்தில் நல்ல தண்ணீர் இருந்தால், பாதிக்குப் பாதி கலந்தாவது கொடுக்கலாம்.

ஆகவே என் வரிசை: முதலில் தண்ணீர், அப்புறம் வரி. குடிநீர் மனித உரிமை என்று கலிபோர்னியா 2012-லேயே சட்டம் இயற்றியது. 2019-ல் ஆண்டுக்கு 13 கோடி டாலர் வரை நிதியும் ஒதுக்கியது. ஆர்வின் பள்ளிகளில் வடிகட்டிய நீரைப் பாட்டிலில் பிடித்துக்கொள்ளும் குழாய்கள் வந்தன. நீரைச் சுத்தமாக்கினாலும், வருடக்கணக்கில் பயந்து பழகிய குடும்பம் உடனே நம்பாது. சோதனை முடிவை ஸ்பானிஷில் அச்சடித்து, ஒவ்வொரு மாதமும் அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே ஒட்டவேண்டும்.