கதிர்வீச்சு வரைபடக் கருவி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

பராமரிப்புக்காக அணு உலை நிறுத்தப்படும் காலத்தில் ஓர் அறைக்குள் ஆட்களை அனுப்புவதற்கு முன், அந்த அறையில் எந்த இடத்தில் எவ்வளவு கதிர்வீச்சு இருக்கிறது என்று அளந்து சொல்வது கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் இருக்கும் எங்கள் பொறுப்பு. பல ஆண்டுகளாக இதை ஒரே முறையில் செய்துவந்தோம். ஒருவர் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டருடன் உள்ளே போய், தரைப்படத்தின் நகலில் பேனாவால் எண்களைக் குறித்துக்கொண்டு வருவார். ஒரு வால்வு அறைக்கு 14 எண்கள் இருந்தால் அது நல்ல சர்வே என்று எடுத்துக்கொள்வோம். கடந்த ஓராண்டாக, அறையின் முப்பரிமாண வடிவத்தையும் அதன் மேல் காமா கதிர்வீச்சின் அளவையும் சேர்த்தே பதிவு செய்யும் கைக்கருவி ஒன்றைப் பயன்படுத்தி வருகிறோம். குறைகளையும் விரிவாகச் சொல்லவிருப்பதால் தயாரித்த நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இவ்வகைக் கருவியை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ நினைக்கும் எவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கருவியின் தலைப்பகுதியில் சுழலும் லைடார் லேசர் ஒளியை எல்லாப் பக்கமும் வீசி, சுவரும் குழாயும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அளக்கிறது. அதன் கீழே அசைவை உணரும் சென்சாரும், சீசியம் அயோடைடு படிகம் கொண்ட காமா டிடெக்டரும் உள்ளன. தடித்த கான்கிரீட்டுக்குள் ஜிபிஎஸ் கிடைக்காது. ஆகவே, தான் பார்க்கும் சுவர்களையும் மூலைகளையும் கொண்டே தன் இடத்தைக் கணக்கிட்டு, அதே நேரத்தில் வரைபடத்தையும் உருவாக்கும் 'ஸ்லாம்' என்ற முறையில் இது இயங்குகிறது. நொடிக்கு ஒருமுறை வரும் கதிர்வீச்சு அளவு ஒவ்வொன்றும், அது எடுக்கப்பட்ட புள்ளியோடு சேர்ந்து பதிவாகிறது. இத்தகைய கருவிகளின் தேவையை 2011 மார்ச்சில் நடந்த ஃபுகுஷிமா விபத்து எல்லோருக்கும் உணர்த்தியது. உலைக் கட்டடங்களுக்குள் மனிதர்கள் நுழைய முடியாத நிலையில், அதே ஆண்டு ஏப்ரலில் பேக்பாட் ரோபோக்கள் உள்ளே போய்ப் படங்களையும் கதிர்வீச்சு அளவுகளையும் கொண்டுவந்தன. எண்ணையும் இடத்தையும் ஒரே நேரத்தில் பிணைத்துத் தரும் இன்றைய முறை எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்பது அந்த நாட்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

எங்களுக்கு இந்தக் கருவியின் மீது நம்பிக்கை வந்தது ஒரு வால்வு அறையில். அங்கே ஒரு வால்வின் கேஸ்கெட்டை மாற்ற வேண்டியிருந்தது. பழைய சர்வே தாளில் அறையின் வடகிழக்கு மூலையில் மட்டும் எண்கள் உயர்ந்திருந்தன. அந்த மூலையில் தரைவடிகால் ஒன்று இருந்ததால், கதிரியக்கப் படிவு அதில்தான் தங்கியிருக்கிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டு, கதிரைத் தடுக்கும் ஈயப் போர்வைகளை வடிகாலின் மேல் விரிப்பதாகவே திட்டம் எழுதப்பட்டிருந்தது. கருவியை இடுப்புயரத்தில் பிடித்துக்கொண்டு ஒருமுறை சுற்றிவந்தபோது கிடைத்த படமும் அந்த மூலையையே சிவப்பாகக் காட்டியது. எங்கள் டிடெக்டருக்குக் கதிர் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. ஒரே உயரத்தில் நடந்து அளந்தால், கதிர் கிளம்பும் இடமான மூலம் கருவிக்குக் கீழே ஒரு மீட்டரில் இருந்தாலும் அதே தூரத்தில் மேலே இருந்தாலும் எண் ஒன்றாகத்தான் வரும். அதனால் கருவியை ஒரு கம்பின் நுனியில் பொருத்தி, மூலைக்கு அருகில் முதலில் தரையை ஒட்டியும் பிறகு தலைக்கு மேலும் கொண்டுபோனோம். தரையருகே எண் குறைந்தது. மேலே தூக்கத் தூக்க ஏறிக்கொண்டே போனது. 2.3 மீட்டர் உயரத்தில் சுவரை ஒட்டி ஓடிய குழாயின் வளைவுதான் மூலம்; வடிகாலில் ஒன்றுமே இல்லை.

அந்த வளைவிலிருந்து அரை மீட்டரில் மணிக்கு 900 மைக்ரோசீவெர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) இருந்தது. தூரத்தின் இருமடிக்கு ஏற்ப அளவு குறையும் என்பதால், 1.5 மீட்டரில் அது ஏறத்தாழ 100 ஆகிவிடும். ஏணியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்ற கேள்வி, பார்க்கச் சிறியதாக இருந்தாலும், ஒன்பது மடங்கு வித்தியாசத்தைத் தீர்மானிக்கிறது. வேலைக்கு முந்தைய விளக்கக் கூட்டத்தில் இந்தப் படத்தைத் திரையில் சுழற்றிக் காட்டியபோது, அதுவரை பேசாமல் இருந்த மூத்த ஃபிட்டர் ஒருவர் எழுந்து வந்து வளைவைத் தொட்டுக் காட்டி, "சார், ஏணிய இந்தப் பக்கம் போட்டா என் முதுகு நேரா அதுக்கு முன்னாடி வரும். அந்தப் பக்கம் போட்டா கை எட்டும், உடம்பு தள்ளியே இருக்கும்" என்றார். 14 எண்கள் கொண்ட தாளை வைத்துக்கொண்டு அவர் இதைச் சொல்லியிருக்க வழியே இல்லை. உள்ளே போகப்போகிறவர் உள்ளே போகாமலேயே அறையைப் பார்த்துத் தன் நிலையைத் தானே தேர்ந்துகொள்ள முடிகிறது என்பதையே இந்தக் கருவியின் முதன்மையான பயனாக நான் கருதுகிறேன். அளக்கப் போகிறவரின் நேரம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் 'அந்த மூலையில் எவ்வளவு என்று மறுபடி பார்த்துவிட்டு வா' என்று இரண்டாவது முறை ஆளை அனுப்புவது பெரும்பாலும் நின்றுவிட்டது.

டிடெக்டர் வெறும் எண்ணிக்கையோடு நிற்காமல் கதிர்களின் ஆற்றலையும் பிரித்துக் காட்டுகிறது; அதிலிருந்து எந்தக் கதிரியக்கப் பொருள் என்று அறியலாம். 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் உச்சி தெரிந்தால் சீசியம்-137. 1173, 1332 ஆகிய இரண்டிலும் தெரிந்தால் கோபால்ட்-60. ஈயத்தில் சீசியத்தின் கதிரைப் பாதியாக்க ஆறரை மில்லிமீட்டர் அளவு தடிமன் போதும். கோபால்ட்டுக்கு 12 மில்லிமீட்டர் அளவு வேண்டும். நாங்கள் கண்ட வளைவில் இருந்தது கோபால்ட். வால்வு இருக்கைகளின் கடினக் கலப்பு உலோகத்திலிருந்து தேய்ந்து வந்து, நீரோடு உலைக்குள் ஓடும்போது கதிரியக்கம் பெற்று, நீரோட்டம் மெதுவாகும் இடங்களில் தங்கிவிடும் பழைய தொல்லை அது. எத்தனை அடுக்கு ஈயப் போர்வை வேண்டும் என்பதை ஊகிக்காமல் கணக்கிட்டே முடிவு செய்தோம்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். இவற்றுள் ஒன்றை மற்றவற்றோடு சேர்த்து எண்ண முடியாது. கருவியோடு வரும் மென்பொருள், நாம் நடந்த பாதையில் கிடைத்த அளவுகளைக் கொண்டு அறை முழுவதற்கும் நிறம் பூசுகிறது. அளவே எடுக்காத இடத்துக்கும் பக்கத்து அளவுகளை நீட்டி நிறம் கொடுத்துவிடுகிறது. ஓர் அறையில் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்றும், அதற்கும் சுவருக்கும் இடையில் 60 சென்டிமீட்டர் சந்தும் இருந்தன. அந்தச் சந்துக்குள் நாங்கள் நுழையவில்லை. படமோ தொட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே இளம்பச்சையைக் காட்டியது. அந்தப் பச்சைக்குப் பொருள் மணிக்கு 40 மைக்ரோசீவெர்ட். அங்கே வேலையாட்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் இடத்தை அமைக்கலாம் என்று பயிற்சியில் இருந்த இளைஞர் குறித்திருந்தார். வழக்கத்தை விடக்கூடாது என்பதற்காகச் சர்வே மீட்டரைச் சந்துக்குள் நீட்டினேன். 640 காட்டியது. பயன்படாமல் மூடப்பட்ட குழாய் முனை ஒன்று தொட்டிக்குப் பின்னால் இருந்தது. தொட்டியின் தண்ணீர் அதன் கதிரை எங்கள் பாதைக்கு வராமல் தடுத்திருந்தது. மென்பொருளோ மூலத்துக்கும் டிடெக்டருக்கும் இடையில் காற்று மட்டுமே இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டிருந்தது.

தொழில்முறையில் கதிர்வீச்சோடு வேலை செய்பவர்களுக்குச் சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைக்கும் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (ஒரு மில்லிசீவெர்ட் என்பது 1000 மைக்ரோசீவெர்ட்). எந்த ஓர் ஆண்டிலும் 50 மில்லிசீவெர்ட்டைத் தாண்டக்கூடாது. அந்தச் சந்தில் நாளுக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்கும் ஒருவர் 16 வேலைநாட்களில் 20 மில்லிசீவெர்ட்டை எட்டிவிடுவார். அதற்கு வெகுமுன்பே அவர் உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்க அணிந்திருக்கும் டோசிமீட்டர் ஒலித்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு மனிதரின் உடல் மேல் கதிர் பட்ட பிறகு கிடைக்கும் தகவலை, அவர் போவதற்கு முன் கொடுப்பதற்காகவே இந்தக் கருவியை வாங்கினோம். அளந்த பச்சையும் அளக்காத பச்சையும் திரையில் ஒரே பச்சையாக இருப்பதை நான் வடிவமைப்புப் பிழை என்றே சொல்வேன். நிறுவனத்துக்கு எழுதினோம். நிறம் பரவும் தூரத்தைக் குறைக்கும் வசதி அமைப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது என்று பதில் வந்தது. வசதி இருக்கிறது, மூன்று மெனுக்களுக்கு உள்ளே இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் அது அதிகபட்சத்தில் வைக்கப்பட்டிருந்தது. இப்போது அதை ஒரு மீட்டராகக் குறைத்து, அதற்கு அப்பால் உள்ள இடங்களைச் சாம்பல் நிறத்தில் விட்டு, நடந்த பாதையையும் கருப்புக் கோடாகக் காட்டியே படங்களை வெளியிடுகிறோம்.

அளக்கும்போது நடப்பவரின் உடலே ஒரு தடுப்பாகிவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே பாதையில் போகும்போது ஓர் எண்ணும் திரும்பும்போது வேறோர் எண்ணும் வந்தால் மூலம் முதுகுப் பக்கம் இருந்திருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு பாதையிலும் இருமுறை நடப்பது நல்லது, அதுவும் மெதுவாக. டிடெக்டரில் கதிர் படுவதால் எழும் துடிப்புகள் ஒரு நொடியில் 100 மட்டுமே பதிவானால் அந்த எண்ணில் பத்து விழுக்காடு ஏற்ற இறக்கம் இயல்பாகவே இருக்கும்.

லைடாருக்குப் பளபளப்பான எஃகு ஆகாது. மெருகிட்ட தொட்டிச் சுவர் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பிவிடுவதால், தொட்டிக்கு உள்ளே இன்னோர் அறை இருப்பதுபோல் படத்தில் தோன்றும். அடையாளம் ஏதுமில்லாத நீண்ட நடைவழியில் கருவி தன் இடத்தைச் சிறிது சிறிதாகத் தவறவிடுகிறது. 40 மீட்டர் நடைவழி ஒன்றில் கடைசிக் கதவு அரை மீட்டர் தள்ளி நின்றது. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து முடித்தால் மென்பொருள் பிழையைத் தானே சரிசெய்துகொள்கிறது.

மாசு படியக்கூடிய பகுதிக்குள் எதைக் கொண்டுபோனாலும் பிளாஸ்டிக் உறையால் மூடுவோம். இதன் உடலை மூடலாம். சுழலும் லைடார் தலையை மூடினால் அது எதையும் பார்க்காது. ஆகவே தலை திறந்தே இருக்கிறது. வேலை முடிந்ததும் அதை ஈரத்துணியால் அங்குலம் அங்குலமாகத் துடைத்து, துணியை அளந்து பார்த்த பிறகே வெளியே விட முடிகிறது. உடலை மூடிய உறைக்குள் வெப்பம் ஏறி, ஒருமுறை 35 நிமிடத்தில் கருவி தானாக நின்றது. இரட்டை ரப்பர் கையுறை அணிந்த விரலைத் தொடுதிரை உணர்வதில்லை. பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் ஒரு நல்ல பெரிய பொத்தான் வைத்திருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்திருக்கும். உள்ளே நின்று திரையோடு போராடும் ஒவ்வொரு நொடிக்கும் டோஸ், அதாவது உடல் ஏற்கும் கதிர்வீச்சு, ஏறுகிறது.

பாராட்ட வேண்டிய ஒன்று, தாங்கும் அளவுக்கு மேல் கதிர்வீச்சு வரும்போது கருவி நடந்துகொள்ளும் விதம். டிடெக்டர் திணறினால் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாக வரும்; அந்த எண்ணை அப்படியே வரைந்தால் மிக அபாயமான இடம் பாதுகாப்பானதாகத் தோன்றிவிடும். இந்தக் கருவி அத்தகைய இடங்களில் எண்ணைத் தராமல் ஒலி எழுப்பி, கட்டம் போட்ட கருப்பு நிறத்தால் குறிக்கிறது. 'தெரியவில்லை' என்று இங்கே சொல்லத் தெரிந்த மென்பொருள், அளக்காத இடத்திலும் அப்படியே சொல்லியிருக்கலாம்.

இது காமா கதிரை மட்டுமே காண்கிறது. தரையில் படிந்த ஆல்பா, பீட்டா மாசுக்குத் துடைப்புச் சோதனை வேண்டும். நியூட்ரானுக்குத் தனிக் கருவி வேண்டும். வாங்கும் குழுவில் இருப்பவர்கள் படத்தின் அழகைக் கண்டு இவற்றுக்கான செலவைக் குறைக்க முனைந்தால் மறுத்துச் சொல்லுங்கள்.

எங்கள் தளத்துக்கு இரண்டாவது கருவி ஒன்றும் வாங்கப் பரிந்துரைத்திருக்கிறேன். சில வாரப் பராமரிப்புக்காக வாடகைக்கு எடுப்பவர்கள் அளவுத்திருத்தச் சான்றிதழின் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்; அந்தத் தளத்தில் இருக்கும் கதிர்வீச்சு அளவுகளுக்கு அது செல்லுபடியாகிறதா என்றும் கேளுங்கள். பெட்டியைத் திறந்த முதல் நாளே, யாரும் வேலை செய்யாத வெற்று அறையில் சோதனைக்கான சிறு கதிரியக்க மூலம் ஒன்றைத் தண்ணீர்க் கேனுக்குப் பின்னால் மறைத்து வைத்து, கேனுக்குப் பின்னால் போகாமல் ஒருமுறை நடந்து, படம் எந்த நிறத்தைக் காட்டுகிறது என்று குழுவினர் எல்லோரையும் அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.